குறிப்புப் பத்தி

ஏப்ரல் இருபத்தேழு, இரவு பதினொன்று பத்து.
கோப்பு திறக்கவில்லை.
'தரவு சேதமடைந்துள்ளது' என்றது திரை.
'சரி' என்ற ஒற்றைப் பொத்தானைத் தவிர
வேறு பதில் எனக்கு வைக்கவில்லை.

பதினொரு வருடக் கணக்கு.
வினிபெக்கில் வாங்கிய முதல் குளிர்காலச் சப்பாத்திலிருந்து
போன கிழமை வாங்கிய பம்ப் வரை.
பேஸ்மென்ட் தண்ணீரை இறைக்கிற பம்ப்.
ரெட் ரிவர் இந்த வருடமும் ஏறுமாம்,
வானொலி சொல்லிக்கொண்டேயிருக்கிறது.
வரிக்கு மூன்று நாள்.

"பேக்கப் இருக்கு" என்றேன் நிர்மலனிடம்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
ஒவ்வோர் இரவும் தானாகப் பிரதி எடுக்கும்.
எடுத்துமிருக்கிறது.
கெட்ட கோப்பை நல்ல கோப்பின் மேலேயே
பத்தொன்பது இரவுகள்
பிசகாமல் எழுதி வைத்திருக்கிறது.
திருடனுக்கும் வாலாட்டிய நாய்.

யூஎஸ்பி குச்சி அதே மேசை லாச்சியில்,
கணினிக்கு அரையடி தள்ளி.
வீடு எரிந்தால் இரண்டும் எரியும்,
ஆறு வந்தால் இரண்டும் மிதக்கும்.
செருகிப் பார்த்தால்
மகனின் ஹொக்கிப் படங்கள் முந்நூறு.
காலி செய்து கொடுத்தது நான்தான்.

எதையும் தொடாதே, முதலில்.
கெட்டதையும் ஒரு பிரதி எடு.
அந்தப் பிரதியில் திருத்தும் கருவியை ஓடவிட்டேன்.
நாற்பது வீதத்தில் நின்றது.
நின்றதுதான்.
தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

பழைய மடிக்கணினி நினைவுக்கு வந்தது.
பிணைச்சல் உடைந்தது.
சார்ஜர் வயரை ஒரு கோணத்தில்
பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் உயிர்.
நிர்மலன் பிடித்தான், முக்கால் மணி நேரம்,
நாடி பார்ப்பவன் போல, ஒன்றும் பேசாமல்.
உள்ளே ஒரு கோப்பு: 2021 ஒக்டோபர்.
திறந்தது.

அங்கிருந்து இங்கு வரை வங்கி தந்தது:
தேதி, கடை, தொகை.
வங்கியிடம் இல்லாதது குறிப்புப் பத்தி.

பெட்ரோல் 31.20 என்று அதற்குத் தெரியும்.
ஸ்கான் எடுத்துத் திரும்பும் வழியில்,
முடிவு தெரியாமல், காரில் இருந்தபடி
நான் தட்டிய ஏழு சொற்கள் தெரியாது.
எனக்கும் இப்போது நான்குதான் ஞாபகம்.
பூக்கடை 48 டொலர். யாருக்கு?
யாரோ செத்திருக்க வேண்டும்,
அல்லது நாங்கள் சண்டை போட்டிருக்க வேண்டும்.

2022 மார்ச். இருநூறு, இருநூறாக, ஆறு முறை.
அதை மறக்கவில்லை.
தங்கச்சிக்கு அனுப்பியது, இவனுக்குச் சொல்லாமல்.
நேரே 'பல்' என்று எழுதியிருந்தேன்,
ஆறு முறையும் 'பல்'.
அந்தப் பொய்யும் கோப்போடு போயிருந்தது.
விரல் பழக்கத்தில் 'ப' வரை போனது.
அழித்தேன். 'தங்கச்சி' என்று எழுதினேன்.

தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான்.
"இப்ப அவளுக்குப் பல் சுகமோ?" என்றான்.
மூன்று வருடமாகத் தெரிந்திருக்கிறது மனுசனுக்கு.
இரவு மூன்று மணிக்கு
இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில்
மகன் எழும்பி வந்து
தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

மிச்சம் பதினான்கு டொலர் அறுபது சதம் இடித்தது.
'சமன் செய்யவா?' என்று கேட்டது மென்பொருள்.
செய் என்றேன். தூக்கம் வந்தது.

இப்போது தேதி போட்ட பிரதிகள்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்.
ஒன்று வீட்டில், ஒன்று இணையத்தில்,
ஒன்று மரிசெல்லிடம்.
என்னோடு இரவு வேலை செய்கிறவள்,
பதினோராம் மாடியில் இருக்கிறவள்,
ஆறு ஏற முடியாத உயரம்.
அவளுடைய உறை என் அரிசி வாளிக்கு மேல்.
கடவுச்சொல் போட்டுப் பூட்டியதுதான்.
அவளிடம் எவ்வளவு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது,
என்னிடம் எவ்வளவு இல்லையென்று அவளுக்கும்.
மாதத்தின் முதல் சனி
வாகனத் தரிப்பிடத்தில் உறை மாற்றிக்கொள்கிறோம்.
பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ.

திரும்பி வந்த பழைய உறையை
வேறொரு கணினியில் செருகித் திறந்து பார்ப்பேன்.
2022 மார்ச் வரை இறங்குவேன்.
தங்கச்சி, தங்கச்சி, தங்கச்சி.
ஆறையும் எண்ணிவிட்டு
மூடுவேன்.