மாதாந்திரப் பராமரிப்பு

வில்லாபுரம் பக்கம் இன்று
ஒன்பது முதல் ஐந்து வரை மின்சாரம் இல்லை.
தெருவே வாரியத்தைத் திட்டுகிறது.
நான் அறைக் கதவைத் தாழிட்டு
சிவப்பு டப்பாவைக் குலுக்குகிறேன்.

விசிறி நின்றால்தான்
தூசி தரையில் உட்காரும்.
மற்ற நாளில் நிறுத்தினால்
இன்பராணி சும்மா விடுவாளா?

வாரமெல்லாம் எனக்கு
மேலூர் நாற்கரச் சாலையில் நசுங்கிய வண்டிகள்.
பம்பர், ரேடியேட்டர், முன்கண்ணாடி,
இன்சூரன்ஸ் படிவத்தில் டிக் அடிப்பேன்.
அதையெல்லாம் இங்கே
பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி ஒட்டுகிறேன்.
உறுப்பு எண் நாற்பத்தொன்று: ஸ்டீயரிங்.
ஓட்டுகிற ஆளைப் பெட்டியில் வைப்பதில்லை.
நல்லது.

மூன்றாம் பூச்சு.
மூக்கு நுனியில் வேர்வை,
தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.
சொட்டவில்லை.

நாலு மணிக்கே கரண்ட் வந்துவிட்டது.
சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன்.
விசிறி ஒரு முறை முனகி
இறக்கையில் இருந்ததையெல்லாம் இறக்கியது.

பானெட்டில் ஒரே ஒரு துகள்.
எதையும் இருபத்துநாலில் ஒன்றாக்கலாம்,
தூசியை முடியாது.
நிஜ வண்டியில் அது
ஒரு புளியங்கொட்டை.

இடுக்கியை எடுத்தேன்.
ஈரப் பூச்சு, தொட்டால் தழும்பு.
பழக்கதோஷம்,
முதலில் போட்டோ எடுத்தேன்
பக்கத்தில் ஸ்கேல் வைத்து.