‘ம’ இல்லாத பிப்ரவரி

திபிலிசியில் க்ள்தானி வட்டாரம், ஒன்பதாவது மாடி.
லிஃப்டில் ஏறக் காசு போட வேண்டும்,
இறங்க இலவசம்.
அங்கே சியாலா
பழைய ரயில் நிலையங்களைப் பற்றி எழுதுகிறாள்,
எழுதியதைப் பேசிக் காணொளியாகவும் ஏற்றுகிறாள்.
நாற்பத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள்.
வாடகை மட்டும் முன்னால் வந்து நிற்கிறது.

ஒரு கம்பெனி கடிதம் போட்டது:
எழுதுகிறவர்களுக்கு, காணொளி செய்கிறவர்களுக்கு
நீங்கள் பரிந்துரைக்கும் பத்துக் கருவிகள் எவை?
முதலாவது எங்கள் மைக்காக இருக்கட்டும்.
முந்நூறு லாரி தருகிறோம்.
லாரி அவர்கள் நாணயம். நம்மூர் வண்டி இல்லை.

அன்றைக்கென்று பூனை மாதுளைச் சாறைக் கவிழ்த்தது.
துடைத்துக் காயவைத்ததில் கீபோர்டு பிழைத்தது.
ஒரே ஒரு விசை எழவில்லை.
ம.

ஓர் எழுத்துதானே என்று தோன்றும்.
ஜார்ஜிய மொழியில் ‘நான்’ என்பது ‘மே’. போச்சு.
சூரியன் போச்சு, நிலா போச்சு, மலை போச்சு,
ஊர் நடுவே ஓடும் ம்த்க்வாரி ஆறு
தலையெழுத்தே இல்லாமல் நின்றது.
மழை பெய்யாது. பனி பெய்யலாம்,
அவர்கள் பனியில் ம இல்லை.
‘ஆனால்’ என்ற சொல்லும் கிடையாது,
சொன்னதிலிருந்து நழுவ வழியில்லை.
அம்மா பிழைத்தாள், அங்கே அவள் ‘தேதா’.
அப்பாதான் ‘மாமா’. நம்பினால் நம்புங்கள்.
ஆறு வருஷமாகப் போலந்தில் லாரி ஓட்டும் அப்பா
(இது நம்மூர் லாரிதான்)
மாதுளைப் பிசினில் ஒட்டி விசைக்கடியில் கிடந்தார்.

ரிப்பேர்காரன் பெயர் மாமுகா.
அந்தப் பெயரையும் தட்ட முடியாமல் போன் செய்தாள்.
ஸ்வானேதியில் பனி வழியை மூடியிருக்கிறது,
பதினோரு நாள் பொறு என்றான்.

வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டலாம்தான்.
முதல் நாள் ஒட்டினாள்,
ஒரு பக்கத்துக்கு நூற்றுப்பதினேழு தடவை.
இரண்டாம் நாள் இல்லாமலே எழுதிப் பார்த்தாள்.
நான் போனேன், நான் பார்த்தேன், நான் உருகினேன்
எல்லாம் உதிர்ந்தது.
கஷூரி நிலையத்தில் ரொட்டி விற்கும் நசிப்ரோலா
மாவு ஒட்டிய மணிக்கட்டோடு முன்னே வந்து நின்றாள்,
இத்தனை நாள் யாரோ மறைத்துக்கொண்டிருந்ததுபோல.

கம்பெனிக்கு அவள் அனுப்பிய பட்டியலை
அதே பஞ்சத்தோடு தருகிறேன்:

பீரோ. குளிர்காலக் கோட்டுகளின் நடுவே
உட்கார்ந்து பேசுங்கள், தெரு உள்ளே வராது.
கத்தரிக்கோல். எழுதியதை அச்செடுத்து வெட்டித்
தரையில் பரப்புங்கள். பூனை எதில் படுக்கிறதோ
அந்தப் பத்தியை நீக்குங்கள்.
ஊறுகாய் ஜாடி. கைபேசி சாய்ந்து நிற்க
அதைவிட உறுதியான கால் கிடைக்காது.
கீழ்வீட்டு அன்சோர். வாசிப்பு நீண்டால்
வெந்நீர்க் குழாயைத் தட்டுவார். இலவசச் சேவை.
ஒரு பழைய நாளிதழ், சொல் வராத அன்று
ஜன்னலைத் துடைக்க.
பத்து வரவில்லை. ஐந்து போதாதா?

மைக் எங்கே என்று பதில் வந்தது.
மிக்ரோபோனி. அது முதல் எழுத்திலேயே ஊமை.
விளக்கம் எழுத ‘ஏனென்றால்’ கூட இல்லை அவளிடம்.
முந்நூறு லாரி ஓடிப்போனது.

பன்னிரண்டாம் நாள் மாமுகா வந்தான்.
வேறொரு கீபோர்டின் விசையைப் பிடுங்கிப் பொருத்தினான்,
கறுப்புப் பற்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பல்.
அடித்துப் பார் என்றான்.
‘மே’ என்று அடித்தாள்.
கொஞ்சம் பார்த்துவிட்டு அழித்தாள்.
‘மாமா’ என்று அடித்தாள்.
அடுத்த சொல் எந்த விசையில் இருக்கிறதென்று
தெரியவில்லை, அழிக்கவும் இல்லை.

முப்பது லாரி வாங்கிக்கொண்டு
மாமுகா கீழே போனான்.
இறங்க இலவசம்.