ஆல்பேட்டை சோதனைச்சாவடி

விசா மறுத்த கடிதத்தில் ஒரே ஒரு காரணம்.
நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு ஏற்படவில்லை.
சவரிநாதன் அதை நான்காக மடித்து
ஆம்னியின் டாஷ்போர்டில் வைத்தார்,
இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு.

இரண்டு வருஷமாக அவர் விரல் போய்வந்த வழி அது.
மோன்பெலியேவில் படுக்கை வைத்த வேன்,
தார்ன் ஆற்றின் செங்குத்துப் பள்ளத்தில் மூன்று நாள் நடை,
பிறகு மலையைச் சுற்றி இறங்கும் ஒரு ரோடு.
வரைபடத்தில் அந்த ரோடு
நான் இரவில் கழற்றிப்போடும் சங்கிலி மாதிரி கிடக்கும்.
துலூஸிலிருந்து கொழுந்தன் அனுப்பியது.
மடிப்பு மடிப்பாக ஊர்கள் கிழிந்துபோக
செலோடேப் போட்டு ஊர்களை ஒட்டுவார்.

மின்துறையில் எனக்குப் பதினோரு நாள் லீவு மிச்சம்.
பின்சீட்டைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டோம்.
பிளைவுட் பலகை, இலவம்பஞ்சு மெத்தை,
ஒற்றை பர்னர் அடுப்பு, கொசுவலை,
திரைக்கு என் பழைய வாயில் புடவை.
முத்தியால்பேட்டைத் தெருவே எட்டிப் பார்த்தது.
"ஆம்புலன்ஸா ஆன்ட்டி?" என்றாள் எதிர்வீட்டு நிவாஷினி.

இருட்டும் நேரத்தில் கிளம்பினோம்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்.
ஒவ்வொன்றுக்கும் அவர் வேறு பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்,
மூக்கில் போய் முடிகிற பெயர்கள்.
கன்னியக்கோயிலில் டீ.
அதற்கு மட்டும் பெயர் மாற்றவில்லை.

ஆல்பேட்டையில்
புதுச்சேரி நம்பரைப் பார்த்ததும் லத்தி குறுக்கே நீண்டது.
"எத்தனை பாட்டில்?"
கதவை இழுத்துத் திறந்த காவலர்
தலையணையைப் பார்த்தார்,
ஆணியில் தொங்கிய டீ வடிகட்டியைப் பார்த்தார்,
மெத்தையைத் தூக்கினார்.
அடியில் இருந்தது பிரான்சு.
அதையும் விரித்து டார்ச் அடித்தார்.

"எங்க போறீங்க?"
"கேப்பர் மலை."
"அங்க என்ன இருக்கு?"
சவரிநாதன் கொஞ்சம் யோசித்தார்.
"பள்ளம் இருக்கு சார்."
காவலர் என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று தலையாட்டினேன்.
"எப்ப திரும்புவீங்க?"
"நாளன்னிக்கு. இவளுக்கு ஆபீஸ்."
"சரி, போங்க."

அவ்வளவுதான்.
வங்கிக் கணக்கு கேட்கவில்லை, ரேகை கேட்கவில்லை.
கெடிலம் பாலம் தாண்டும்வரை அவர் பேசவே இல்லை.

விடிந்ததும் முந்திரி மரங்களுக்கு இடையே இறங்கினோம்.
மழை அறுத்துவிட்டுப் போன செம்மண் ஓடை.
கணுக்கால் ஆழம், இடுப்பு ஆழம்,
ஒரு திருப்பம் தாண்டியதும்
இரண்டு பக்கமும் மண் எங்களைவிட உயரம்.
வானம் ஒரு ரிப்பன் அகலம்.
சுவரில் குடைந்த பொந்திலிருந்து பஞ்சுருட்டான் ஒன்று
எங்களை யாரென்று கேட்காமல் பறந்தது.

அங்கே அந்தப் பள்ளத்தை வெட்ட
ஆற்றுக்கு லட்சக்கணக்கான வருஷம் பிடித்ததாம்,
கொழுந்தன் எழுதியிருந்தான்.
இது போன ஐப்பசியின் வேலை.
நாலு ராத்திரி பெய்திருக்கும்.
வருகிற ஐப்பசியில் இந்தத் திருப்பம் இங்கே இருக்காது.
கை வைத்தால் உதிர்ந்தது.
எனக்கு அதுதான் பிடித்தது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை.
நான்கு ராத்திரி வயதுள்ள ஒன்றின் நடுவே
ஐம்பத்து மூன்று வயதில் நின்றேன்.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வேரில் உட்கார்ந்தார்.
வரைபடத்தை மடியில் விரித்து வெகுநேரம் தேடி
"இங்கதான்" என்று விரல் வைத்தார்.
எங்கே என்று நான் குனிந்து பார்க்கவில்லை.
காற்று திரும்பியது, சிப்காட் வாடை.
இருவரும் ஒரே புடவைத் தலைப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

புதுச்சேரி போகிற வண்டியை யாரும் சோதிப்பதில்லை.
ஆனாலும் திரும்பும்போது ஆல்பேட்டையில்
அவராகவே ஓரம் கட்டினார்.
அந்தக் காவலர் டூட்டியில் இல்லை.
புதிதாக நின்றவர் "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்.
வந்துட்டோம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."