சுற்றளவு

அளவு நாடா ஐந்து மீட்டர்தான்.
லீபுமுய்ஷா பூங்காவின் ஏழாம் எண் லிண்டனுக்கு
அது எட்டவில்லை.
மீதிக்கு நாய் கட்டும் வாரை முடிச்சிட்டு
"பிடியுங்கள்" என்று ஒரு முனையைத் தந்துவிட்டு
மரத்தின் பின்னால் மறைந்தார் ஓயார்ஸ்.
அவர் இருமல் மட்டும் சுற்றிக்கொண்டு வந்தது.

மாளிகை இல்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் எரித்தார்கள்.
எஞ்சிய சுவரைக் கூட்டுப்பண்ணைக்காரர்கள்
பன்றிக்கொட்டில் கட்டப் பெயர்த்துப் போனார்கள்.
மூன்று கற்படிகள் மட்டும் புல்லிலிருந்து ஏறி
எங்கும் போகாமல் நிற்கின்றன.
சனிக்கிழமைகளில் மணமக்கள் அதில் நின்று
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
பிரபு நட்ட மரங்களை ஏன் விட்டார்கள் என்றேன்.
"பச்சை மரம் பற்றாது, அவ்வளவுதான்."

வடக்குப் பக்கம், மார்பளவு உயரத்தில்
என் விரல் எதிலோ இடித்தது.
பட்டைக்குள் இரும்பு.
பாசியைச் சுரண்டினால் எனாமல் பலகை,
கொக்கி கொக்கியாய்ப் பழைய ஜெர்மன் எழுத்து.
'நுழைவு' என்ற சொல் வெளியே இருந்தது.
அடுத்து வரவேண்டிய 'தடை'யை
மரம் தின்றுவிட்டிருந்தது.

ஓயார்ஸ் சிரித்தார்.
எனக்கு வரவில்லை. முந்தின நாள்தான்
பழைய கணக்கேட்டில் படித்திருந்தேன்:
1868 ஜூலை. பண்ணைக்கூலி த்ரீனே,
லிண்டன் பூ ஒரு மடி பறித்ததற்கு
இரண்டு நாள் கூலி பிடித்தம்.
பூவை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
எடையும் எழுதியிருக்கிறது.

மரத்துக்கு நியாயம் தெரியும்
என்று எழுதிவிட ஆசைதான்.
தெரியாது.
ஆணி இறங்கிய புண்ணை மூட
உதடு வளர்த்தது, வேறொன்றுமில்லை.
இடப்பக்கம் கொஞ்சம் முந்தியிருந்தால்
'தடை' மிஞ்சியிருக்கும்.

நகராட்சிப் படிவத்தில் ஒரு கட்டம்:
அந்நியப் பொருள் உண்டா?
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார் ஓயார்ஸ்:
உண்டு. எடுக்க வேண்டாம்.
எடுத்தால் எது மரம், எது பலகை என்று
வாளுக்குத் தெரியாது.

ஏழு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர்,
வாரின் முடிச்சைக் கழித்து.

நாடாவைச் சுருட்டும்போது
தலையணை உறைகளோடு மூன்று பெண்கள் வந்தார்கள்,
தேநீருக்குப் பூப் பறிக்க.
மேலே தேனீக்களின் இரைச்சல்.
எங்களைப் பார்த்து ஒருத்தி தயங்கி
"பறிக்கலாம்தானே?" என்றாள்.
பதில் வருமுன்பே கிளையை வளைத்துவிட்டாள்.
அவள் கைப்பையை மாட்ட
பலகையின் துருத்திய முனை
வாகாக இருந்தது.