கம்பிக்குள் கை

ஓப் நதி உறைந்து பதினாறு நாள்.
நினேல் வலது கையுறையைக் கழற்றுகிறாள்.
கூண்டின் சிறு திறப்பில்
வெறுங்கையை நுழைத்துப்
பத்து எண்ணுகிறாள்.

கடித்தால் பூஜ்யம்.
ஒதுங்கி உறுமினால் ஒன்று.
முகர்ந்தால் இரண்டு.
வாலைக் குழைத்து, முனகி,
விரலிடுக்கில் மூக்கைத் திணித்தால் நான்கு.
மூன்று என்பது
எழுதுபவரின் அன்றைய மனநிலை.
பென்சிலால்தான் எழுதுகிறாள். இந்தக் குளிரில்
பேனா வாய் திறக்காது.

நான்கு வாங்கிய நரிகள் மட்டுமே
வசந்தத்தில் தாயாகும், தகப்பனாகும்.
மற்றவற்றின் ரோமம்
மாஸ்கோவில் யார் கழுத்திலோ.

இப்படி நாற்பத்து மூன்று தலைமுறை.
காது மடிந்துவிட்டது.
நெற்றியில் வெள்ளை விழுந்துவிட்டது.
யாரும் கேட்காமலே வாலும் சுருண்டுகொண்டது,
கோபத்தைப் பிடுங்கும்போது
வேரோடு வந்த மண்ணைப் போல.

கிழக்குக் கொட்டகையில் இன்னொரு வம்சம்.
கடித்ததும் கடித்ததும் கூடிப் பெற்றவை.
ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமல்லவா, அதற்காக.
மேற்கே எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு:
லாஸ்கா, பூஸ்யா, குட்டி ஜார்.
கிழக்கே எண்கள்.
நினேலின் கட்டைவிரல் நகம்
முந்நூற்றுப் பதினேழிடம் இருக்கிறது.

பார்க்க வந்த பள்ளிப் பையன் ஒருவன் கேட்டான்:
"மனுஷங்களையும் இப்படிச் செய்யலாமா?"
"யார் கையை விடுவது?" என்றார் இயக்குநர் வெனியமின்.
நல்ல பதில். எல்லோரும் சிரித்தார்கள்.
மாலையில்
தன் இடத்தில் நின்ற யாருடைய காரின் கண்ணாடியையோ
பனி வாரும் மண்வெட்டியால் அவர் உடைத்ததை
நினேல் பார்த்தாள்.
எழுதவில்லை.

பிப்ரவரியில் திருடன் வந்தான்.
மேற்குக் கொட்டகையிலிருந்து
பதினொரு பெயர்கள் அவன் பின்னால் நடந்தே போயின.
லாஸ்கா அவன் கன்னத்தை நக்கியிருக்கும்.
வேலியோரம், அவன் சாக்கைப் பிரித்த இடத்தில்,
வாலாட்டிய தடம்
பனியில் விசிறி விசிறியாக.

ஆசை விடவில்லை, கிழக்கேயும் கையை விட்டிருக்கிறான்.
அங்கிருந்து சாலைவரை
சொட்டுச் சொட்டாக
அவனே தன் முகவரியை எழுதிக்கொண்டு போயிருந்தான்.

பதினொன்றில் ஒன்பது தோலாகத்தான் கிடைத்தன.
அன்றிரவு முந்நூற்றுப் பதினேழுக்கு
இரண்டு பங்கு ஈரல் வைத்தாள்.
நன்றியெல்லாம் இல்லை.
கம்பி அதிர மறுபடி பாய்ந்தது.

வீட்டில் தொலைபேசி. அக்கா அவ்குஸ்தா.
அம்மாவின் ஃபிளாட், அம்மாவின் பனிக்காலணி,
அம்மாவின் கடைசி மாதம்.
"அப்போது நீ எங்கே இருந்தாய்?
நரிக்குச் சோறு ஊட்டிக்கொண்டா?"

பிடரியில்
ரோமம் எழ வேண்டிய இடத்தில் ரோமம் இல்லை.
எந்தக் காலத்திலோ உதிர்ந்துவிட்டது.
எழுவது மட்டும் உதிரவில்லை.
கையில் தேநீர்க் கோப்பை. கை ஓங்கிவிட்டது.

ஓங்கிய கைக்கும் எதிர்ச் சுவருக்கும்
நாலு முழம் இருக்கும்.
யாரும் பென்சில் வைத்துக்கொண்டு நிற்காத
அந்த நாலு முழத்தில்
எண்ணத் தொடங்கினாள்.
எந்தக் குட்டியின் ரத்தத்திலும்
ஏற்றிவிட்டுப் போக முடியாத எண்கள்.
எவரும் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏழுவரை போனாள்.
போன வருஷம் நாலு.

ஏழில் கோப்பை சுவரில்.

சில்லுகளைப் பெருக்கினாள்.
பூவேலை போட்ட சுவர்த்தாளில் இறங்கியபடி
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
கட்டைவிரல் எப்போதோ ஆறிவிட்டது, நகமில்லாமல்.
மற்றதைப் பற்றி
அவளால் எதுவும் சொல்ல முடியாது.

விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் அக்காவின் எண்ணை அழுத்தினாள்.
மணி அடித்தது.
அடித்துக்கொண்டே இருந்தது.
அங்கேயும் ஒருத்தி
எண்ணிக்கொண்டிருக்கலாம்.