நாற்பத்தோராவது மீன்

அந்தோஃபகாஸ்தாவில் காலை ஒன்பது மணி.
சன்னலுக்கு அப்பால் கடல்சிங்கங்கள் கத்துகின்றன,
மீன்சந்தைப் படியில் கடன்காரர்கள் மாதிரி.
உள்ளே நான், ஒரு கத்தரிக்கோல், வெள்ளைத் தட்டு,
தால்தாலிலிருந்து வந்த அறுபது காங்க்ரியோ மீன்கள்.
பெட்டிமேல் லுத்கார்தோவின் கோணல் எழுத்து:
"எங்கள் கடல். செவ்வாய் விடியல். நாற்பது பாகம் ஆழம்."

மீனைத் திறப்பது கடிதத்தைப் பிரிப்பது போல என்று
புதிதாக வரும் மாணவர்கள் யாராவது சொல்வார்கள்.
இல்லை.
அது அடுத்தவர் சமையலறைக்குள்
கேட்காமல் நுழைவது.
உள்ளே ஏற்கெனவே யார் யாரோ
சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

செவுளில் தட்டைப்புழுக்கள்.
இரண்டாம் வளைவில் வாழ்வது
மூன்றாம் வளைவுக்குப் போவதில்லை,
நடுவில் ஒரு முடியளவுதான் தூரம்.
ஈரல்மேல் கடிகாரச் சுருளாய்ப் புழுக்குஞ்சுகள்.
வெளியே கத்துகிறதே, அந்த வயிற்றுக்குள் போய்த்தான்
அவை பெரியவை ஆகவேண்டும்.
அவற்றுக்கு இந்த மீன் ஊரல்ல, பேருந்து நிலையம்.

பாடநூல் மீனை ஓம்புயிரி என்கிறது.
விருந்தை ஓம்புகிற அதே ஓம்பல்.
மீனை யாரும் கேட்கவில்லை.

மிலென்கா பக்கத்து அறையில்
இரண்டு மரங்களை எதிரெதிரே வரைகிறாள்:
இடப்பக்கம் மீன்களின் வம்சம், வலப்பக்கம் புழுக்களின் வம்சம்.
மீன் பிரிந்த இடத்தில் புழுவும் பிரிந்திருந்தால்
கோடுகள் ஏணிப்படிபோல் ஒழுங்காய்ப் போகும்.
பாதிக்குமேல் அப்படித்தான் போகின்றன.
திடீரென ஒன்று குறுக்கே பாயும்,
எந்தக் காலத்திலோ ஒரு புழு
தன் மீனை விட்டு அந்நிய மீனுக்குத் தாவியிருக்கிறது.
அந்தச் சிக்கலில் பென்சிலை வைத்து அவள் சொல்வாள்:
"யாஸ்னா, இங்கேதான் யாருக்கோ பசித்திருக்கிறது."

நாற்பதுவரை எல்லாம் வழக்கம்போல்.
நாற்பத்தொன்றில் செவுள் சுத்தமாக இருந்தது.
குடற்சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று
தலையைப் புதைத்துக் கிடந்தது.
முள்தலைப்புழுவைப் பிடித்து இழுக்கக்கூடாது;
கொக்கிகள் முறியும், பெயர் தெரியாமல் போகும்.
நல்ல தண்ணீரில் போட்டுக்
குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும்.
விடிவதற்குள் தானாகத் தும்பிக்கையை நீட்டிவிடும்.

நீட்டியிருந்தது.
கொக்கிகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
பதினான்கு வருடத்தில் இந்தப் புழுவை
தல்காவானோவுக்கு வடக்கே நான் பார்த்ததில்லை.
நாற்பத்திரண்டிலும் இருந்தது. ஐம்பதிலும். அறுபதிலும்.
இருபது மீன்கள்
தால்தால் கடலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தொலைபேசியில் காற்று இரைந்தது.
"லுத்கார்தோ, கடல் எப்படி?"
"இருக்கிறது."
நான் ஒன்றும் பேசவில்லை.
அவரும் பேசவில்லை.
குளிர்பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது.
பிறகு, மெல்ல:
"மூன்று வாரமாக வெந்நீர். வலையில் வெறும் ஜெல்லி.
நீங்கள் அறுபது கேட்டீர்கள்.
தெற்கிலிருந்து லாரி வந்தது."
ஒரு நொடி விட்டு,
"யார் காட்டிக்கொடுத்தது? லாரிக்காரனா?"
"புழு."
"எந்தப் புழு?"
"ஆரஞ்சு நிறம். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை."
அவர் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார்,
பிறகு இருமினார்.
"மீன் பொய் சொல்லாது என்று என் மனைவியிடம் சொல்வேன்,"
என்றார். "அதன் வயிற்றில் இருப்பதும் சொல்லாதாக்கும்."

அட்டவணையில் அறுபதை அடித்து நாற்பது என்று எழுதினேன்.
குறிப்பு: கடல் சூடு, மீன்வரத்துக் குறைவு.
அதுவும் தரவுதான்.
அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
பனிக்கட்டிக் காசை என் பையிலிருந்து அனுப்பினேன்;
அது சரியா என்று மிலென்காவிடம் கேட்கவில்லை.

புழுவைச் சாராயத்தில் போட்டு மூடினேன்.
சீட்டில் இடம் என்ற கட்டத்தில்: தெற்கு.
ஆழம்: தெரியாது.
கீழே, கட்டமே இல்லாத இடத்தில்,
பென்சிலால்:
வந்த வழி, லாரி.