சத்தக் கணக்கு

சிவதாபுரத்தில் எங்கள் பட்டறைக்கு வரும்
ஆர்டர் சீட்டில்
எடை, டச்சு, நீளம் எல்லாம் போட்டுக்
கடைசியில் ஒரு கட்டம்:
சத்தம்.

அதில் குப்பண்ணன் பென்சிலால்
நிறைய என்று எழுதுவார்,
கம்மி என்று எழுதுவார்,
சில நாள் வெறும் கோடு.

நடை பழகும் பிள்ளைக்கு நிறைய.
கிணறு இருக்கும் வீடென்றால் இன்னும் நாலு முத்து.
நர்சம்மாவுக்குக் கோடு,
ராத்திரி வார்டில் தூங்குகிறவர்கள் தூங்க வேண்டும்.
பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கும் கோடு;
லீவு நாளுக்கென்று அதே வீட்டுக்கு
இன்னொரு ஜோடி, நிறைய.
கல்யாணப் பெண்ணை மட்டும்
யாரும் கேட்பதில்லை.
கேட்காமலே நிறைய.

பதினோரு வருஷமாய் முத்து வைக்கிறேன்.
காதுக்குப் பக்கத்தில் ஒரே ஆட்டு.
பேசுகிற முத்து தட்டுக்கு,
ஊமை முத்து உருக்கும் சட்டிக்கு.
பக்கத்துச் சந்தில் பதினாறு தறி
தடதடத்து ஓடும்போதே இந்த வேலை.
எப்படிக் கேட்குது உனக்கு, என்றாள் நசீமா.
அடைமழையில் குக்கர் விசிலை
நீ எண்ணுவதில்லையா,
அப்படித்தான்.

கரண்டு போனால்தான் கஷ்டம்.
தறி நின்றதும்
தூளியில் கிடக்கும் குழந்தைகள்
ஒவ்வொன்றாய் அலறி எழும்.
கத்தியே பேசிப் பழகிய தெரு
கத்திக்கொண்டிருப்பது
திடீரென்று எல்லோருக்கும் கேட்டுவிடும்,
வட்டிக்கணக்கு உட்பட.

அப்படியொரு மத்தியானம்
வந்தாள் சுகந்தமணி.
தையில் கல்யாணம்.
கொலுசைப் பார்த்ததுமே தெரிந்தது,
என் கை வைத்தது.

கழட்டிடுங்கக்கா, முத்து எல்லாத்தையும்.

அறுந்து போச்சா?

இல்லை.
தண்ணி குடிக்க எழுந்தா அத்தைக்குத் தெரியுது.
மாடி ஏறினா மாமாவுக்குத் தெரியுது.
போனை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போனா
எத்தனை எட்டு வெச்சேன்னு
அவருக்குத் தெரியுது.
என் கால் பேசுறது
வீடு முழுக்கக் கேட்குது, நான்
வாயைத் திறந்து...

நிறுத்திக்கொண்டாள்.
நானும் கேட்கவில்லை.

நறுக்க ஆரம்பித்தேன்.
தறியில்லாத தெருவில்
ஒவ்வொரு முத்தும் தட்டில் விழுந்தது
எதிர்வீடு வரைக்கும் கேட்டது.
நாற்பத்திரண்டு.
வெள்ளியை எடை போட்டுக் காசு தரவா
என்று குப்பண்ணன் எட்டிப் பார்த்தார்.

அய்யோ, வேண்டாம்னு யார் சொன்னா?
ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க.
குகையில வண்டி வேடிக்கை.
அன்னைக்கு வேணும்,
எல்லாமே வேணும்.

காகிதத்தில் மடிக்கப் போனவள்
மடிக்கவில்லை.
பற்றவைக்காமல்
ஒவ்வொரு முத்துக்கும் ஒரு கொக்கி வளைத்தேன்,
எறும்புக்கால் கனத்தில்.
மாட்டினால் பேசும்.
கழற்றினால் சுருக்குப்பையில் கிடக்கும்.
கண் எரிய இரண்டு நாள் வேலை.

ஆடியில் குகை மாரியம்மனுக்குக்
கூட்டம் தெருவை நிறைத்திருந்தது.
மின்விளக்கு மாட்டிய வண்டியில்
நீலச் சாயம் பூசிய சிவன்
கொட்டாவி விட்டுக்கொண்டு போனார்.
பம்பை அடி நெஞ்செலும்பில் இறங்கியது.
அந்த நெரிசலில், எனக்கு முன்னால்,
நாற்பத்திரண்டையும் மாட்டிய அந்தக் கால்கள்.
குதித்துக் குதித்துப் போனாள்.

பதினாறு தறிக்கு நடுவே கேட்கிற எனக்கு
ஒரு முத்துகூடக் கேட்கவில்லை.
அவளுக்குக் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை புதுச் சீட்டு.
அந்தப் பெண் சொல்லித்தானோ என்னமோ,
அவள் சிநேகிதிகள் மூன்று பேருக்கு.
சத்தம் என்ற கட்டத்தில்
பென்சிலை வைத்துக்கொண்டு குப்பண்ணன்
வெகுநேரம் யோசித்தார்.
கொக்கி, என்று எழுதினார்.
கூலி என்ன போடுறது?
ஜோடிக்கு முந்நூறு கூட, என்றேன்.
இருநூறு, என்றார்.

தறி ஓடிக்கொண்டிருந்தது.
கத்தித்தான் சொன்னேன்:
முந்நூறு.